நாள் குறித்தலும் மறை காத்தலும்



பலர் கூடும் நிகழ்ச்சிக்கு நாள் குறித்தல் எளிய செயல்போலத் தோன்றும். ஆயின், அனைவர்க்கும் ஏற்ற ஒரு நாளைக் கண்டறிய எத்தனை மடல்கள், எத்தனை தொலைபேசி அழைப்புகள்! இத்தொல்லையைப் போக்கவே இணையத்தில் நாள் தேரும் பட்டியல்கள் தோன்றின. சுவிட்சர்லாந்தில் 2007இல் நிறுவனமாக உருப்பெற்ற 'டூடுல்' அவற்றுள் பலரறிந்தது. அழைப்பவர் சில நாள்களை வரிசைப்படுத்துவார். உறுப்பினர் தத்தம் பெயருக்கு எதிரே வர இயலும் நாள்களைக் குறிப்பர்.

வசதி பெரிதே. எனினும், அப்பட்டியல் ஒவ்வொருவர் வாழ்வையும் பிறர்முன் விரித்துவைக்கிறது. ஒருவர் செவ்வாய்தோறும் வர இயலாதவர் எனின், மருத்துவமனைக்குச் செல்கிறாரோ, வேறு வேலை தேடுகிறாரோ என்ற ஊகம் பிறக்கும். தலைவர் விரும்பிய நாளில் 'இயலாது' என எழுத அஞ்சுவோரும் உண்டு. அச்சம் புகுந்த இடத்தில் பட்டியலும் உண்மை பேசாது.

செருமனியின் டிரெஸ்டன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் கெல்லர்மான் இச்சிக்கலை ஆராய்ந்தார். ரைனர் போமே என்பாருடன் இணைந்து 2009இல் இதற்கொரு தீர்வை வெளியிட்டார். அவ்வாய்வின் பயனாய் அமைந்ததே 'டூட்லே' என்னும் வலைச்செயலி. டேவிட் சாம் 1988இல் விளக்கிய மறையியல் முறை அதற்கு அடிப்படையாகும்.

அம்முறையின் நுட்பத்தைச் சிற்றெண்களால் விளக்கலாம். மூவர் உளர் எனக் கொள்வோம். ஒரு சனிக்கிழமைக்கு முதலாமவர் விடை 1, அஃதாவது 'வருவேன்'. இரண்டாமவர் விடை 0, அஃதாவது 'இயலாது'. மூன்றாமவர் விடை 1. இவருள் ஒவ்வோர் இணைக்கும் ஒரு மறையெண் உண்டு. முதல் இருவர்க்கு 40. பின் இருவர்க்கு 25. முதலாமவர்க்கும் மூன்றாமவர்க்கும் 10. இணையில் ஒருவர் அவ்வெண்ணைத் தம் விடையோடு கூட்டுவார், மற்றவர் கழிப்பார். எனவே, வெளியே செல்வன 51, கழித்தல் 15, கழித்தல் 34 என்பனவே. தனித்து நோக்கின் இவை எதனையும் உணர்த்தா. மூன்றையும் கூட்டினாலோ மறையெண்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ள, 2 என்னும் விடை எஞ்சும். வர இயல்வோர் இருவர் என்பது புலனாகும். வாராதவர் யார் என்பது புலனாகாது. நடைமுறையில் எவரும் ஊகிக்கவியலாத பேரெண்கள் பயன்படும். கணக்கைக் கணிப்பொறியே செய்துவிடும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ஒருவர் விடையளிக்கத் தவறினும் மறையெண் அழியாது, தொகை கிட்டாது. ஏனையோர் அனைவரும் கூடித் தம் விடைகளை ஒப்பிட்டால் எஞ்சிய ஒருவர் விடை வெளிப்பட்டுவிடும். 'எவரும் வர இயலாது' எனத் தொகையே காட்டும்போது மறைக்க ஒன்றுமில்லை. குறைகள் இருப்பினும், இதன் அடிப்படை வினா சிறந்தது: ஒரு செயலுக்கு எவ்வளவு செய்தி தேவையோ, அதற்குமேல் ஏன் கேட்க வேண்டும்?

அகத்திணை மாந்தரின் பெயரைச் சுட்டலாகாது என்று விதித்தார் தொல்காப்பியர். உணர்வை உலகிற்கு உரைத்து, உரியவரை மறைத்த மரபு நம்முடையது. அம்மரபில் வந்தோர்க்கு, தொகையை உரைத்து ஆளை மறைக்கும் இக்கருவி அயலானதன்று. கூட்டத்திற்கு வேண்டியது நாள். ஒருவர் வாராமையின் காரணம் அவருக்கே உரியது.