தாராவித் தோல் பட்டறையும் வணிக நேர்வு ஆய்வும்

நிர்வாகக் கல்லூரிகளில் ‘கேஸ் ஸ்டடி’ என வழங்கும் நேர்வு ஆய்வு, ஹார்வர்டு வணிகப் பள்ளியில் 1921ஆம் ஆண்டு எழுத்து வடிவம் பெற்றது. முதல் நேர்வு ஒரு காலணி நிறுவனத்தைப் பற்றியது. வேலை நேரம் முடியும் முன்பே தொழிலாளர் வேலையை நிறுத்திவிடுகின்றனர். நிர்வாகம் என் செய்வது? ஒரே பக்கத்தில் அது முடிந்தது. 1961இல் நிறுவப்பெற்ற ஆமதாபாத் இந்திய மேலாண்மைக் கழகம் இம்முறையை இந்நாட்டில் வேரூன்றச் செய்தது. இன்று எழுதப்பெறும் நேர்வுகள் பல பக்கங்கள் நீளுகின்றன. முடிவெடுக்க வேண்டியவர் யார், என்றைக்குள் எடுக்க வேண்டும் என்பவை மட்டும் அவற்றுள் பலவேளை அகப்படுவதில்லை.

காலணியிலிருந்து தோலுக்கு வருவோர் தாராவிக்குச் செல்லலாம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து சென்ற தமிழ் முஸ்லிம்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அங்குத் தோல் பதனிடும் தொழிலைத் தொடங்கினர். பாந்திராவில் இருந்த இறைச்சிக்கூடம் 1971இல் செம்பூருக்கு அப்பால் தேவ்னாருக்கு மாறிற்று. பதனிடும் வேலையும் நாளடைவில் தாராவியை விட்டு நீங்கியது. பதனிட்ட தோலைச் சென்னை, கொல்கத்தா, கான்பூர் ஆகிய ஊர்களிலிருந்து தருவித்துப் பையும் பணப்பையும் இடுப்புவாரும் தைப்பதே அங்கு எஞ்சிய தொழில். தையற்பொறியில் அமர்ந்திருப்போருள் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்தோர் பலர்.

இத்தகைய பட்டறை ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். (தொகைகள் கணக்கை விளக்குவதற்காகக் கொள்ளப்பட்டவை.) ஏற்றுமதியாளர் ஒருவர் 500 பைகள் கேட்கிறார், விலை பைக்கு 600 ரூபாய், பணம் 90 நாள் கழித்து. தோல் 350, உள்துணியும் ஜிப்பும் 60, கூலி 110, ஆக அடக்கம் 520 ரூபாய். பைக்கு 80 வீதம் மொத்தம் 40,000 ரூபாய் மிச்சம். மாணவர் பலர் இங்கேயே பேனாவை மூடிவிடுவர்.

ஆனால் தோல் வியாபாரி கடன் தரமாட்டார்; கூலி வாரந்தோறும் தந்தாக வேண்டும். முடங்கும் 2,60,000 ரூபாயை மாதம் நூற்றுக்கு 3 வட்டிக்கு வாங்கினால் மூன்று மாத வட்டி 23,400. அந்த மாதத்து வாடகையும் மின்கட்டணமும் 12,000. எஞ்சுவது 4,600. உரிமையாளரின் மனைவியும் மகளும் இரவில் அமர்ந்து நூல் நறுக்கி, பசை தடவி, பைகளை அடுக்குகின்றனர். அவ்வேலைக்குப் பைக்கு 10 ரூபாய் கூலி மதித்தாலும் 5,000 ஆகிறது. இலாபம் என்று கண்டது 400 ரூபாய் நட்டமாகிவிட்டது. கணக்கேட்டில் இடம்பெறாத உழைப்பைக் கணக்கில் கொண்டுவருவதே இத்தகைய நேர்வின் உயிர்நிலை எனலாம்.

இனி மாற்று வழிகள். 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, உடன்பாடு எதுவாயினும் 45 நாட்களுக்கு மேல் தவணை செல்லாது. தவறினால் வங்கி விகிதத்தைப் போல் மும்மடங்கு கூட்டுவட்டி உண்டு. பட்டறை பதிவு பெற்றிருந்து, பணமும் 45 நாளில் வந்தால் வட்டி 11,700 ஆகக் குறையும். குடும்ப உழைப்புக்கு மதிப்பிட்ட பின்னும் 11,300 நிற்கும். அதே ஆர்டர்தான். எனினும் சட்டத்தைக் காட்டினால் அடுத்த ஆர்டர் பக்கத்துச் சந்துக்குப் போய்விடுமே என்ற அச்சம் உரிமையாளருக்கு உண்டு. அந்த அச்சமும் நேர்வில் இடம்பெறத்தக்க ஓர் உண்மையே. அதை அவர் வாய்மொழியாகவே பதிவு செய்தல் நன்று.

வாய்மொழித் தகவலை எண்ணாக மாற்றும்போது மட்டும் விழிப்பு வேண்டும். மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடுகளில் சமைத்த உணவை அலுவலகங்களுக்குக் கொண்டு சேர்க்கும் டப்பாவாலாக்கள் பற்றி ஹார்வர்டு பள்ளி 2010இல் நேர்வு வெளியிட்டது. அவர்கள் பல இலட்சம் டப்பாக்களுக்கு ஒரு முறையே தவறுகின்றனர் என்ற புகழ்பெற்ற விகிதம் எந்த அளவாய்விலும் கிடைத்ததன்று. தவறு மிக அரிது, இரண்டு மாதத்துக்கு ஒன்று இருக்கலாம் என அவர்களது சங்கத் தலைவர் கூறியதை 1998இல் ஓர் இதழாளர் பெருக்கிக் கண்ட எண் அது. பின்வந்தோர் அதையே எடுத்தாண்டனர். டப்பாவாலாக்களின் திறமை இதனால் குறைந்துவிடவில்லை. எழுதியவர்களின் கடமைதான் குறைந்தது.

முடிவெடுக்கும் நாளில் அறியப்பட்டவை மட்டுமே நேர்வில் இருத்தல் வேண்டும். தாராவி மறுசீரமைப்புக்கு 2004இல் திட்டம் வகுக்கப்பட்டது. ஒப்பந்தப்புள்ளி முடிவானதோ 2022 நவம்பரில். 2005இல் புதுப்பொறி வாங்கலாமா எனத் தயங்கிய ஒருவரைப் பற்றி எழுதுவோர், பதினேழு ஆண்டு கழித்து நிகழ்ந்ததை அவர் தலையில் ஏற்றலாகாது. எழுதுவோரின் ஆய்வும் தனி ஏட்டில் நிற்க வேண்டும். பட்டறையின் நேர்வு, ஏற்றுமதியாளருக்கு மறுநாள் காலை பதில் கூற வேண்டிய உரிமையாளர் இரவில் கணக்கு நோட்டைப் பிரித்துவைத்திருக்கும் இடத்தில் முடியலாம். அவர் என்ன பதில் சொன்னார் என்பது ஆசிரியர் குறிப்பேட்டுக்கு உரியது.