கெத்து யாருக்கு, திமிர் யாருக்கு?

(விருத்தாசலத்தில் நடந்த இளைஞர் வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



தோழர்கள் எனக்குக் கொடுத்த தலைப்பு, 'நட்சத்திர வீரர்களின் நடத்தையும் பொதுப் பிம்பமும்'. கருத்தரங்குத் தலைப்பு மாதிரி இருக்கிறது. ஆனால் இது பீங்கான் ஊர். அதனால் ஒரு கோப்பையிலிருந்து தொடங்குகிறேன்.

நம் செராமிக் கம்பெனிகள் பக்கம் போனால் அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கேரியர் என்று சுட்டு எடுத்து அடுக்கி வைத்திருப்பார்கள். உங்களில் பலர் வீட்டில் ஒருவராவது அந்தச் சூளைகளில் வேலை பார்த்திருப்பார். மண் குவளைக்கும் பீங்கான் கோப்பைக்கும் என்ன வித்தியாசம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த வித்தியாசத்தை வைத்தே ஒரு மனிதனுக்கு அவன் இடத்தைக் காட்டிய கதை ஒன்று இந்திய கிரிக்கெட்டில் இருக்கிறது.

அவர் பெயர் பல்வங்கர் பாலூ. சமார் சாதியில் பிறந்தவர். புனேவில் வெள்ளைக்காரர்களின் கிளப்பில் மாதம் 4 ரூபாய் சம்பளத்துக்கு மைதானத்தைப் பராமரிக்கும் வேலை. ஆடுகளத்துக்கு ரோலர் போட வேண்டும், வலை கட்ட வேண்டும். துரைமார் பயிற்சி எடுக்கும்போது மணிக்கணக்கில் அவர்களுக்குப் பந்து வீசவும் வேண்டும். அப்படி வீசி வீசித்தான் அவர் இடது கைச் சுழற்பந்து வீச்சில் தேர்ந்தார். அங்கே அவர் கையில் மட்டையை மட்டும் யாரும் கொடுக்கவில்லை. பந்து வீசுவது வேலைக்காரன் வேலை, மட்டை பிடிப்பது எஜமான் வேலை என்பது ஏற்பாடு.

பிறகு புனே இந்துக்களின் அணிக்கு ஆள் தேவைப்பட்டது. தீண்டத்தகாதவரைச் சேர்ப்பதா என்று விவாதம் நடந்தது. வெள்ளைக்காரர்களைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை ஜெயித்தது, சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்துக்குள் பாலூ தொட்ட பந்தை எல்லோரும் தொட்டார்கள். தேநீர் இடைவேளை வந்தால் மற்றவர்களுக்குப் பெவிலியனுக்குள் வெள்ளைப் பீங்கான் கோப்பை. பாலூவுக்கு வெளியே, குடித்துவிட்டுத் தூக்கி எறியும் மண் குவளை. சாப்பாடு தனித் தட்டில், தனி மேசையில். நம் ஊர் டீக்கடைகளின் இரட்டைக் குவளை அன்றைக்கே கிரிக்கெட் மைதானத்தில் இருந்தது.

1911இல் இந்திய அணி இங்கிலாந்துக்குப் போனது. அந்தப் பயணத்தில் பாலூ எடுத்த விக்கெட்டுகள் 114. அன்றைய இந்தியாவின் மிகச் சிறந்த பந்துவீச்சாளர் அவர். பொறுமையாக, ஆண்டுக்கணக்கில் வீசினார். அந்தப் பொறுமைக்குப் பாராட்டு கிடைத்தது. தலைமைப் பதவி கிடைக்கவில்லை. 1913இல் இந்துக்கள் அணித் தலைவராக இருந்த எம்.டி. பாய், 'இந்த மரியாதை மூத்தவரான பாலூவுக்குப் போயிருக்க வேண்டியது' என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். அதன் பிறகும் கொடுக்கவில்லை.

1920இல்தான் ஒன்று நடந்தது. பாயால் ஒரு போட்டியில் ஆட முடியவில்லை. பாலூவை அணியிலிருந்தே நீக்கிவிட்டு, பிராமணரான தேவ்தரைத் தலைவராக்கினார்கள். அணியில் இருந்த பாலூவின் தம்பிகள் விட்டலும் சிவராமும் விலகினார்கள். சாதியால் எங்களை அவமதிக்கிறீர்கள் என்று பகிரங்கமாக அறிக்கை விட்டார்கள். பெரிய விவாதம் கிளம்பியது. அடுத்த போட்டிக்கே பாலூ துணைத் தலைவர். பாய் ஆட்டத்தின் நடுவே வேண்டுமென்றே வெளியே போய் அமர்ந்து, பாலூ களத்தில் அணியை நடத்த இடம் விட்டார். 1923இல் விட்டல் இந்துக்கள் அணியின் தலைவரானார்.

தோழர்களே, இந்த வரிசையைக் கவனியுங்கள். இருபது ஆண்டுக்கு மேலான நல்ல நடத்தை தராததை, தம்பிகளின் ஒரே ஒரு மறுப்பு தந்தது. அந்த மறுப்புக்கு அன்றைக்கு என்ன பெயர் வைத்திருப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். திமிர்.

பாலூவை நான் புனிதராக்க வரவில்லை. 1932இல் பூனா ஒப்பந்தத்தின்போது அவர் அம்பேத்கர் பக்கம் நின்றவர் அல்ல. 1937 தேர்தலில் அம்பேத்கரை எதிர்த்தே நின்று தோற்றார். அதை வைத்து அவரோடு சண்டை போடலாம். ஆனால் அந்த மண் குவளையை மறக்கக் கூடாது.

இனி நம் ஊர்க் கதை. என் சிறுவயதில் பொங்கலுக்கு டென்னிஸ் பால் டோர்னமென்ட் நடக்கும். எங்கள் காலனி டீமில் ஒரு அண்ணன் வேகப்பந்து போடுவார். ஒரு வருஷம் ஊர் டீமோடு ஆட்டம். அவர்களுடைய ஓப்பனர் ஒரு சிக்ஸ் அடித்துவிட்டு மட்டையை எங்கள் பக்கம் நீட்டிக் காட்டினான். கூட்டம் விசில் அடித்தது. "என்னா கெத்து பாரு" என்றார்கள். அடுத்த ஓவரில் அண்ணன் அவன் ஸ்டம்பைப் பறக்கவிட்டார். சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்து ஓடினார். அவ்வளவுதான்.

மறுநாள் அவருடைய அப்பாவை டீக்கடையில் நிறுத்தி, "உன் பையனுக்குத் திமிர் ஜாஸ்தியா இருக்கு, கொஞ்சம் சொல்லி வை" என்றார்கள். அவர் வீட்டுக்கு வந்து மகனிடம் கெஞ்சினார். அதன் பிறகு அண்ணன் விக்கெட் எடுத்தால் தலையைக் குனிந்துகொண்டு பந்து வீசும் குறிக்குத் திரும்பி நடப்பார். இரண்டு வருஷத்தில் ஆடுவதையே விட்டார். இப்போது ஒரு பீங்கான் சூளையில் வேலை பார்க்கிறார். ஏன் விட்டீர்கள் என்று ஆய்வாளன் தோரணையில் நோட்டுப் புத்தகத்தோடு போய்க் கேட்டேன். "விக்கெட் எடுத்தாக்கூட சிரிக்கக் கூடாதுன்னா, எதுக்குடா எடுக்கணும்?" என்றார்.

கெத்து, திமிர். செயல் ஒன்றுதான், சொல்தான் இரண்டு. எந்தச் சொல் யாருக்கு என்பதை ஆடியவனின் நடத்தை மட்டும் முடிவு செய்வதில்லை. பார்க்கிற கண் முடிவு செய்கிறது. அந்தக் கண்ணுக்குச் சாதி இருக்கிறது.

பெரிய மைதானத்துக்குப் போவோம். 2012 ஜனவரியில் சிட்னியில் ரசிகர்களைப் பார்த்து நடுவிரலைக் காட்டியதற்காக விராட் கோலிக்கு ஆட்டச் சம்பளத்தில் பாதி அபராதம் விதித்தார்கள். அந்தக் கோபத்துக்கு 'ஆக்ரோஷம்' என்று பெயர் வந்தது. பிறகு அதுவே விளம்பரச் சரக்கானது. 2014 டிசம்பரில் அவர் இந்திய டெஸ்ட் அணிக்குத் தலைமை தாங்கினார். கோலி நல்ல ஆட்டக்காரர், அதில் எனக்குச் சண்டையில்லை. தவறு செய்து, அபராதம் கட்டி, வளர்ந்து, தலைவனாவதற்கு ஒருவருக்குக் கிடைக்கிற அவகாசம் எல்லோருக்கும் கிடைக்கிறதா என்பதே என் கேள்வி.

வந்தனா கட்டாரியாவிடம் என்ன தவறு கண்டார்கள்? டோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் அடித்தார். ஒலிம்பிக் ஹாக்கியில் ஹாட்ரிக் அடித்த முதல் இந்தியப் பெண். 2021 ஆகஸ்ட் 4 அன்று அரையிறுதியில் இந்தியா தோற்றது. ஹரித்வார் அருகே ரோஷ்னாபாத்தில் அவர் வீட்டு முன்னால் சிலர் பட்டாசு வெடித்து ஆடினார்கள். அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோற்றோம் என்று கத்தினார்கள். இரண்டு நாள் கழித்து வெண்கலப் பதக்க ஆட்டத்தில் வந்தனா மீண்டும் ஒரு கோல் அடித்தார்.

அவரை விடப் பண்பாக யார் நடந்துகொள்ள முடியும்? அவர் ஒழுங்காக இருந்தார், கோலும் அடித்தார். அப்போதும் பட்டாசு வெடித்தது. 'நல்ல நடத்தை நல்ல பிம்பத்தைத் தரும்' என்ற பாடம் அந்த வாசலில் நொறுங்கியது. அன்று பாராட்ட வேண்டிய நடத்தை அணித் தலைவி ராணி ராம்பாலுடையது. சாதிப் பிரிவினையை நிறுத்துங்கள் என்று ஊடகங்களின் முன்னால் வெளிப்படையாகச் சொன்னார்.

இன்னொரு நடத்தையும் உண்டு. 2020 ஊரடங்கில் யுவராஜ் சிங் இன்ஸ்டாகிராம் நேரலையில் சக வீரர் ஒருவரைக் கிண்டல் செய்ய, துப்புரவுத் தொழிலோடு கட்டிப்போடப்பட்ட ஒரு சாதியின் பெயரை வசவாகச் சொன்னார். எதிர்ப்பு வந்ததும் வருத்தம் தெரிவித்தார். ஹரியானாவில் வழக்குப் பதிவாகி, 2021 அக்டோபரில் கைது செய்து ஜாமீனில் விட்டார்கள். அவர் பிம்பத்தில் எவ்வளவு கீறல் விழுந்தது? நம்மில் எத்தனை பேருக்கு இது நினைவிருக்கிறது? ஆறு சிக்ஸர் எல்லோருக்கும் நினைவிருக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தின் சாந்தி சௌந்தரராஜனுக்கு நடத்தை வரைக்கும்கூடப் போகவில்லை. 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பாலினப் பரிசோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள், உடம்பையே குற்றமாக்கினார்கள். பிறகு அவர் செங்கல் சூளையில் தினக்கூலியாக வேலை செய்தார். அங்கிருந்து எழுந்து பயிற்சியாளராக வந்தார் என்பது அவருடைய வலிமை. அதில் நம் பெருமை எதுவும் இல்லை.

இங்கே ஒரு தோழர் கேட்கலாம்: அப்படியானால் ஒழுக்கமே வேண்டாமா? வேண்டும். நேரத்துக்குப் பயிற்சிக்கு வர வேண்டும், ஊக்கமருந்து கூடாது, பெண்களிடம் அத்துமீறக் கூடாது. இதில் யாருக்கும் சாதிச் சலுகை இல்லை. ஆனால் ஒழுக்கம் என்ற சொல்லை யார், எப்போது எடுக்கிறார்கள் என்று பாருங்கள். 2023இல் மல்யுத்த வீராங்கனைகள் பாலியல் புகாரோடு ஜந்தர் மந்தரில் உட்கார்ந்தபோது, இந்திய ஒலிம்பிக் சங்கத் தலைவர் பி.டி. உஷா அதை ஒழுங்கீனம் என்றார், நாட்டின் பிம்பம் கெடுகிறது என்றார். பிறகு நேரில் போய்ப் பார்த்தார் என்பதும் உண்மை. புகாரை விடப் பிம்பம் முக்கியம் என்று ஆகும்போது, பாதிக்கப்பட்டவரின் வாயை அடைக்கிற துணியாக ஒழுக்கம் மாறிவிடுகிறது.

அமெரிக்காவில் ஜாக்கி ராபின்சனை 1947இல் வெள்ளையர் பேஸ்பாலுக்குள் கொண்டுவந்தவர்கள், திருப்பி அடிக்காமலிருக்கிற தைரியம் வேண்டும் என்று கேட்டுத்தான் கொண்டுவந்தார்கள். வசவுகளை விழுங்கிக்கொண்டு ஆடினார். கொஞ்ச காலம் கழித்துப் பேச ஆரம்பித்தார். பேசியதும் மரியாதைக்குரிய கறுப்பர் சண்டைக்காரர் ஆனார். 1967இல் போருக்குப் போக மறுத்த முகமது அலியின் பட்டத்தைப் பறித்தார்கள். அதே அலியை 1996இல் அட்லாண்டாவில் ஒலிம்பிக் தீபம் ஏற்ற அழைத்தார்கள். நோய் தாக்கிக் கை நடுங்கி, பேச்சு குறைந்த பிறகு நாடே அவரைக் கொண்டாடியது.

கடைசியாக ஒன்று, என் மேலேயே ஒரு புகார். சில வருடம் முன்பு எங்கள் தெருத் தம்பி ஒருவன் கபடியில் மாவட்ட அளவுக்குப் போனான். ரெய்டு முடித்து வந்து தொடையைத் தட்டினான். ஓரமாகக் கூப்பிட்டு, "தம்பி, அடக்கமா இருடா, அதான் உனக்கு நல்லது" என்று சொன்னவன் நான். அம்பேத்கரைப் படித்தவன், முனைவர் பட்ட ஆய்வு செய்கிறவன். அன்று டீக்கடையில் அப்பாவை நிறுத்தியவர்களின் சொல் என் வாயிலிருந்து வந்தது. பாசத்தில் சொன்னேன், பயத்தில் சொன்னேன். ஆனால் சொன்னேன்.

பயம் பொய் இல்லை. நம் ஊர்ப் பக்கம் எது எதற்கெல்லாம் கை ஓங்குவார்கள் என்று நமக்குத் தெரியும். அதனால் காலரைத் தூக்கு என்று அந்தத் தம்பிக்கு மட்டும் உபதேசம் செய்துவிட்டு நாம் வீட்டுக்குப் போக முடியாது. 1920இல் விட்டலும் சிவராமும் அண்ணனைத் தனியாக விடவில்லை. அவன் தொடை தட்டும்போது கைதட்ட நாம் அங்கே இருக்க வேண்டும். "திமிர்" என்று ஒருவர் சொல்லும்போது, "அப்போ அவன் செஞ்சது என்ன?" என்று அங்கேயே கேட்க வேண்டும். இங்கே மற்ற சாதிகளிலிருந்து வந்திருக்கிற தோழர்களுக்கும் வேலை இருக்கிறது. உங்கள் டீமில், உங்கள் வீட்டில் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அது எங்களுக்கு ஆகிற செலவைவிட உங்களுக்குக் குறைவு.

அந்தத் தம்பி இன்னும் ஆடுகிறான். அடுத்த ஆட்டத்துக்குப் போகிறேன். அன்றைக்குச் சொன்னதைத் திரும்பப் பெற வேண்டும்.