தராசு இப்போது நம் கையில்



'அன்றாட வாழ்வில் கிறிஸ்தவ விசுவாசம்' என்பது எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு. வேத வசனங்களை விளக்க இங்கே என்னைவிடத் தகுதியானவர்கள் இருக்கிறார்கள். நான் தோட்டத்துப் பிள்ளை. எனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன்.

பாரோய் என்றால் இன்று பலருக்கும் துவாங்கு அப்துல் ரஹ்மான் விளையாட்டரங்கமும் வீடமைப்புப் பகுதிகளும்தான் நினைவுக்கு வரும். என் நினைவுக்கு வருவது அந்தப் பக்கத்துத் தோட்டமொன்றின் பால் நிறுக்கும் கொட்டகை. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் மரம் வெட்டப் போவார்கள். பால் வாளிகளைச் சுமந்துகொண்டு நடுப்பகலில் வரிசையில் நிற்பார்கள். கிராணி பாலை நிறுத்து, மெட்ரோலாக் என்ற கண்ணாடிக் கருவியை அதில் மிதக்கவிட்டு, எத்தனை பங்கு ரப்பர் இருக்கிறது என்று பார்த்துப் புத்தகத்தில் எழுதுவார். சம்பளம் அந்தக் கணக்கில்தான். ஒரு கோடு குறைத்து எழுதினாலும் வீட்டில் அரிசி குறையும். வரிசையில் நின்றவர்களில் அதைப் படிக்கத் தெரிந்தவர் எவருமில்லை.

அந்தக் கிராணி கிறிஸ்தவர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டையோடு சிரம்பானுக்குக் கோயிலுக்குப் போவார். கோடு குறைகிறது என்று தோட்டமே பேசிக்கொண்டது. உண்மையா என்று நிரூபிக்க யாராலும் முடியவில்லை. ஆனால் லயத்து வீடுகளில் எங்களையும் அதே கண்ணோடுதான் பார்த்தார்கள். "உங்க சாமி இதைக் கேக்காதா?" என்று பக்கத்து வீட்டுப் பாட்டி என் அம்மாவிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. அம்மாவிடம் பதில் இல்லை.

பல ஆண்டுகள் கழித்து மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளையைப் பற்றிப் படித்தபோது அந்தப் பாட்டியை நினைத்துக் கொண்டேன். 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதியவர் என்று அவரைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். 1826-இல் திருச்சிப் பக்கம் குளத்தூரில் பிறந்த கத்தோலிக்கர். 1857-இல் முன்சீப் ஆனார். முன்சீப் வேலை என்றால் தினமும் தராசு பிடிப்பதுதானே? லஞ்சத்தைக் கண்டித்துப் பாடினார். பாடியபடியே பதவியிலும் இருந்தார். ஆங்கிலத்தில் கிடந்த மேல் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862-இல் வெளியிட்டார். வழக்காடுகிறவனுக்குத் தன் வழக்கு புரியவேண்டும் என்ற எண்ணம். அதிகாரியைப் பணியச் செய்யும் தாழ்மை என்றால் எனக்கு இதுதான் ஞாபகம் வரும். நம்மில் பலர் குனிந்து பேசுவதையே தாழ்மை என்று நினைத்துக் கொண்டிருக்கிறோம்.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம். அப்போது அவர் முன்சீப் பதவியில் இல்லை. கைப்பொருளைச் செலவழித்துக் கஞ்சி ஊற்றினார். பசித்து வந்தவர்களிடம் என்ன சமயம் என்று கேட்கவில்லை. அவரைப் புகழ்ந்து பாடியவர்கள் யார் தெரியுமா? நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். 'குளத்துக் கோவை' பாடிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. இருவரும் சைவர்கள். முன்சீப் தன் விசுவாசத்துக்குத் தானே சாட்சிப் பத்திரம் எழுதிக் கொள்ளவில்லை. பக்கத்து வீட்டார் எழுதித் தந்தார்கள்.

சரி, இதை ஏன் இன்று பேசவேண்டும்? மெட்ரோலாக் போய்விட்டது. அந்தத் தோட்டமும் இல்லை. வரிசையில் நின்றவர்களின் பிள்ளைகள் இன்று கடை வைத்திருக்கிறோம், உணவகம் நடத்துகிறோம், குத்தகை எடுக்கிறோம். வங்காளதேசத்துப் பையனுக்கும் இந்தோனேசியப் பெண்ணுக்கும் சம்பளம் எழுதுகிற பேனா நம் கையில். அவர்களுக்கும் கணக்கைப் படிக்கத் தெரியாது. ஓய்வு நாள் கொடுக்கிறோமா? சொன்ன சம்பளம் சொன்ன தேதியில் போகிறதா? அவர்களுடைய கடப்பிதழ் யாருடைய பெட்டியில் இருக்கிறது? 1966-ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி அடுத்தவர் கடப்பிதழை வைத்திருப்பது குற்றம். "ஓடிவிடுவாளே" என்கிறோம். எல்லோரும் செய்வதுதானே என்கிறோம்.

மற்றவர்களைச் சொல்வானேன்? என் வீட்டிலேயே நடந்தது. அம்மா படுக்கையில் விழுந்தபோது பார்த்துக்கொள்ள ஒரு பணிப்பெண் வந்தார். அம்மாவைக் குளிப்பாட்டி, ஊட்டி, இரவெல்லாம் விழித்திருந்த பெண். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கோயிலுக்குப் போவோம், அவர் வீட்டில் இருப்பார். அவருடைய கடப்பிதழை என் மேசை அறையில் பூட்டி வைத்திருந்தேன், இரண்டு ஆண்டுகள். தப்பு என்று ஒரு நாளும் தோன்றவில்லை. கேட்டது அம்மாதான், வாய் குழறிக்கொண்டு: "அந்தப் புள்ளை புஸ்தகம் எங்கேடா?"

அன்று மாலையே எடுத்துக் கொடுத்தேன். எனக்குத் தெரிந்த மலாயில் மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்றார். தன் படம் இருந்த பக்கத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, பிளாஸ்டிக் பையில் சுற்றித் தன் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். பிறகு அம்மாவுக்குக் கஞ்சி வைக்கப் போய்விட்டார்.