கொழுந்து உயரத்தில் கேமரா

(நீலகிரி மாவட்டத்தில், பள்ளித் திரைப்பட மன்றப் பொறுப்பாசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எஸ்டேட் பகுதியில் உள்ள அரசுப் பள்ளி ஒன்றின் 9ஆம் வகுப்பு மாணவர்கள் கைப்பேசியில் எடுத்த ஆறு நிமிடக் குறும்படத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முழுப் படத்தையும் பற்றி அல்ல, அதன் முதல் தொண்ணூறு நொடிகளைப் பற்றி மட்டும்.

திரை இருட்டாக இருக்கிறது. தொழிற்சாலையின் சங்கு ஊதுகிறது. பிறகு மூடுபனியில் ஒரு தேயிலைச் சரிவு, தொலைவிலிருந்து. இதுவரை நாம் ஆயிரம் முறை பார்த்ததுதான். அடுத்து, செடிகளுக்கு நடுவே கொழுந்து கிள்ளும் இரண்டு கைகள். இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள். பாரம் சுமந்து நடக்கும் முதுகு. தராசில் பை ஏறுகிறது. எடையை ஒரு குரல் சொல்கிறது. அப்போதுதான் அந்த அம்மாவின் முகம் தெரிகிறது. உடனே படத்தின் பெயர்.

தமிழாசிரியர்களுக்கு இது புதிதல்ல. முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்று நாம் நடத்துகிற வரிசைதான். நிலத்தையும் பொழுதையும் முதலில் நிறுத்தி, அதில் வாழ்பவற்றைக் காட்டி, அதன் பிறகு மனித உணர்வுக்கு வருவது. சினிமாக்காரர்கள் அந்த முதல் தொலைவுக் காட்சியை 'எஸ்டாப்ளிஷிங் ஷாட்' என்கிறார்கள். தொல்காப்பியம் குறிஞ்சிக்கு யாமத்தைப் பொழுதாகச் சொல்கிறது; நம் பிள்ளைகள் காலைச் சங்கைப் பொழுதாக்கிவிட்டார்கள். (தேயிலை நம் கருப்பொருள் பட்டியலில் கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் இந்த மலைக்கு வந்த பயிர் அது.)

ஆனால் என்னை நிறுத்தி வைத்தது அந்த முகம் தாமதமாக வருவதுதான். "ஏம்ப்பா, முகத்தை முதலிலேயே காட்டவில்லை?" என்று கேட்டேன். படத்தொகுப்பு செய்த மாணவி சொன்னாள்: "ரஜினி சாரை மட்டும் உடனே காட்டிடுவாங்களா சார்?"

காலணி, நடை, முதுகு, கை, கடைசியில் முகம். தமிழ்த் திரையின் நாயக அறிமுகம் இது. 1992இல் வந்த 'அண்ணாமலை'யிலிருந்து பெயர்கூட எழுத்து எழுத்தாகத்தான் திரைக்கு வருகிறது. அந்த மரபை அப்படியே எடுத்து, கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணுக்குக் கொடுத்திருக்கிறார்கள். கைதட்டலுக்குப் பதில் எடை சொல்லும் குரல்.

இது ஏன் முக்கியம்? நம் மலையில் எத்தனையோ படங்கள் எடுத்திருக்கிறார்கள். 'மூன்றாம் பிறை'யின் (1982) இறுதிக் காட்சியால் கேத்தி ரயில் நிலையத்தை ஊரே அறியும். பாலு மகேந்திராவின் ஒளிப்பதிவுக்குத் தேசிய விருதும் கிடைத்தது. அதெல்லாம் நமக்குப் பெருமைதான். ஆனால் பாடல் காட்சிகளில் வரும் தேயிலைச் சரிவுகளைப் பாருங்கள், பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டார்கள். இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களுக்கு வேலை தர 1968இல் தொடங்கிய திட்டத்திலிருந்து வளர்ந்ததுதான் டான்டீ. அவர்களின் பேரப்பிள்ளைகள் நம் வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் கையில் கேமரா போனதும் அது மலை உச்சியிலிருந்து இறங்கி, கொழுந்து உயரத்துக்கு வந்துவிட்டது.

குறை இல்லாமல் இல்லை. காற்றின் இரைச்சல் எடை சொல்லும் குரலைப் பாதி விழுங்குகிறது. ஒரு ஜூம் தேவையே இல்லை. இவற்றைச் சொல்லிக்கொடுக்கலாம். ஆனால் படத்தைப் பார்த்த ஒருவர், "ஆரம்பம் இழுவை, நாற்பது நொடியை வெட்டிவிட்டு இசை போடுங்கள், போட்டிக்கு அனுப்பலாம்" என்றாராம். பிள்ளைகள் வெட்டத் தயாராகிவிட்டார்கள். பெரியவர் சொன்னால் கேட்கும் வயது. வெட்டினால் போவது கைகளும் முதுகும்தான். மிஞ்சுவது மூடுபனியும் ஒரு முகமும். அது சுற்றுலா விளம்பரம். வெட்ட வேண்டாம் என்று அவர்களுடைய ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். முடிவு பிள்ளைகளுடையது.

ஒப்பிட்டுக் காட்ட ஒரு படம் வேண்டுமென்றால், 1956இல் வந்த 'தி ரெட் பலூன்' என்ற பிரெஞ்சுப் படத்தின் தொடக்கத்தைக் காட்டுங்கள். ஒரு சிறுவன், ஒரு பூனை, படிக்கட்டு, விளக்குக் கம்பத்தில் கட்டிய பலூன். அவசரமே இல்லை, நம் பிள்ளைகள் பொறுமையாகப் பார்க்கிறார்கள்.

இப்போது விளக்கை அணைத்துவிட்டு அந்தத் தொண்ணூறு நொடிகளை இரண்டு முறை பார்ப்போம். முதல் முறை ஒலியில்லாமல். இரண்டாம் முறை திரையை மூடிவிட்டு, ஒலியை மட்டும். எந்த இடத்தில் என்ன தெரிந்தது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள், பிறகு பேசலாம்.