வீடே பள்ளிக்கூடம்

இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற சிற்றூரில் ஒரு பாதிரியாரின் வீடு இருந்தது. அந்த வீடே ஒரு பள்ளிக்கூடம். தாய்தான் ஆசிரியர். அவர் பெயர் சூசன்னா வெஸ்லி.

அவர் பெற்ற பிள்ளைகள் 19 பேர். ஏறக்குறைய பாதிப் பேர் மழலைப் பருவத்திலேயே இறந்துபோனார்கள். வீட்டில் வறுமை, கடன். 1709-இல் வீடும் தீப்பற்றி எரிந்தது. ஆனாலும் பாடம் சொல்லித் தருவதை அவர் கைவிடவில்லை.

பிள்ளைக்கு ஐந்து வயது நிறைந்ததும் எழுத்துப் பாடம் தொடங்கும். ஒரே நாளில் எழுத்துகள் முழுவதும். மறுநாள் கையில் வேதாகமம். ஆதியாகமத்தின் முதல் வசனத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க வேண்டும். எழுத்துகளைக் கற்க இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. பெண்பிள்ளை நன்றாக வாசிக்கக் கற்ற பிறகே தையல் வேலை. அந்தக் காலத்தில் இது பெரிய புதுமை.

பாடம் எல்லோருக்கும் பொது. மாலை நேரம் மட்டும் தனித்தனி. ஒவ்வொரு பிள்ளையோடும் வாரத்தில் ஒரு மாலை தனியே உட்கார்ந்து, மனம்விட்டுப் பேசுவார். மகன் ஜானுக்கு வியாழக்கிழமை. தம் ஜெபத்துக்கும் தினமும் நேரம் ஒதுக்கிவைத்தார்.

அந்த ஜான்தான் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி. அவர் தம்பி சார்லஸ், ஆயிரக்கணக்கான கீர்த்தனைகளை எழுதியவர். பெரியவரான பிறகும் தாயின் வியாழக்கிழமையை ஜான் மறக்கவில்லை. பிள்ளைக்கு ஒதுக்கிய நேரம் வீணாவதே இல்லை.