நீதிக்காக நிற்பவள் தனித்து நிற்கலாமா?

(உருத்திரபுரத்தில் நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



சங்கத்தின் நூற்றாண்டில், எம்மில் எத்தனைபேர் வைத்தியரானோம், ஆசிரியரானோம், சட்டத்தரணியானோம் என்று எண்ணிப் பார்த்து மகிழ்கின்றோம். மகிழ வேண்டியதுதான். ஆனால் பதவிக்குப் போன பெண்ணுக்கு இடர் வரும்போது நாம் எங்கே நிற்கின்றோம் என்பதையும் இன்று எம்மை நாமே கேட்போம்.

அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் அரச வழக்குத்தொடுநரை மக்களே வாக்களித்துத் தெரிவுசெய்கிறார்கள். 2016இல் செயின்ற் லூயிஸ் நகரில் கிம்பர்லி கார்ட்னர் என்ற கறுப்பினப் பெண் தெரிவானார். சிறு குற்றங்களுக்குச் சிறையைக் குறைக்கவும், பொலிசாரின் தவறுகளை விசாரிக்கவும் முனைந்தார். எதிர்ப்பு வலுத்தது. 2020 தை மாதம் அவர் நகர நிர்வாகத்துக்கும் பொலிஸ் சங்கத்துக்கும் எதிராக வழக்குத் தொடுத்தபோது, வேறு நகரங்களில் அதே பதவியிலிருந்த கறுப்பினப் பெண்கள் பயணம் செய்து வந்து அவர் பக்கத்தில் நின்றார்கள். அவர்களுள் ஒருவரான புளோரிடாவின் அரமிஸ் அயாலாவுக்கு, மரண தண்டனை கோர மறுத்ததற்காக, தூக்குக் கயிறு தபாலில் வந்திருந்தது. தான் பட்டதை அறிந்தவளே மற்றவளுக்குத் துணையாக வந்தாள்.

எமது நாட்டுக்கு வருவோம். 2011இல் கலாநிதி சிராணி பண்டாரநாயக்க முதலாவது பெண் பிரதம நீதியரசரானார். அதே ஆண்டில் ஈவா வனசுந்தர முதலாவது பெண் சட்டமா அதிபரானார். 2012இல் திவிநெகும சட்டமூலம் பிரதம நீதியரசர் முன் வந்தது. அதற்கு மாகாண சபைகளின் சம்மதம் வேண்டும் என்றும், சபையே இல்லாத வடக்கிற்காக ஆளுநர் சம்மதம் கூற முடியாது என்றும் நீதிமன்றம் கண்டது. வடக்கின் மக்களையும் கேட்க வேண்டும் என்பதே அதன் பொருள். அக்காலத்திலேயே அவருக்கு எதிராகக் குற்றப்பிரேரணை வந்தது. தெரிவுக்குழு விசாரணை நீதியாக நடக்கவில்லையென்று அவர் வெளிநடப்புச் செய்தார். மேன்முறையீட்டு நீதிமன்றம் அக்குழுவின் முடிவை இரத்துச் செய்தும், 2013 தை மாதம் பதவி நீக்கப்பட்டார். சட்டத்தரணிகள் நீதிமன்றங்களைப் புறக்கணித்தார்கள். நாம் வீட்டில் இருந்து செய்தி கேட்டோம். 2015இல் அவர் பதவிக்குத் திரும்பி, மறுநாளே ஓய்வுபெற்றார்.

ஆதரவு என்றால் பிழையை மூடிமறைப்பதல்ல. கார்ட்னர் மீதும் பின்னர் நிர்வாகக் குறைகள் சொல்லப்பட்டன. 2023இல் பதவி விலகினார். குற்றச்சாட்டு யார்மீதும் வரலாம். அதை நீதியாக விசாரியுங்கள் என்று கேட்பதே ஆதரவு.

இது எமக்குத் தூரத்துக் கதையல்ல. 2017 மாசி 20ஆம் திகதி தொடக்கம் கிளிநொச்சி கந்தசுவாமி கோவில் முன்றலில் தாய்மார் பிள்ளைகளின் படங்களோடு இருந்தார்கள். அவர்கள் கேட்டது நீதியை. வழக்குத் தொடுப்பதும், அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறுவதும் ஒரே சட்டமா அதிபர் திணைக்களத்தின் வேலையாக இருக்கும்வரை, அரசின் கையாட்கள் மீதான முறைப்பாட்டில் அந்தத் தாய் எவ்வாறு நம்பிக்கை வைப்பாள்? 1979ஆம் ஆண்டின் பயங்கரவாதத் தடைச்சட்டம், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் முன்னிலையில் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சான்றாக ஏற்கச் செய்தது. இவற்றை வெளியே நின்று கண்டித்தால் மட்டும் போதாது. உள்ளே சென்று மாற்றும் பெண்களும் வேண்டும்.

ஆகவே ஒரு வேண்டுகோள். வன்னியின் பிள்ளை ஒருத்தி சட்டம் படித்து அரச சட்டத்தரணியாக வர விரும்பினால், கொழும்பில் தங்க ஓர் இடமும், படிப்புச் செலவில் ஒரு பங்கும் நாம் கொடுப்போம். பதவியில் அவள் நேர்மையாக நடந்ததற்காகத் தூற்றப்படும் நாளில், நீதிமன்ற வாசலில் நாம் பத்துப்பேராவது போய் நிற்போம். பட்டம் பெற்ற நாளில் மாலை போடுவது இலகு. அந்த நாளில் அருகில் நிற்பதுதான் சகோதரித்துவம்.