பட்டறையில் அடிபட்டால் யார் பொறுப்பு?
சிறு தொழில் நடத்துவோரும் அங்கே வேலை பார்ப்போரும் தெரிந்துகொள்ள வேண்டிய இழப்பீடு, பணப்பயன்கள்

(சிறு தொழில் முனைவோருக்கும் தொழிலாளர்களுக்கும் நடத்தப்பட்ட விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இந்த அரங்கில் லேத் பட்டறை, அச்சகம், பேக்கரி, தையல் யூனிட் நடத்துகிறவர்கள் இருக்கிறீர்கள். அங்கே வேலை பார்க்கிறவர்களும் இருக்கிறீர்கள். ரெண்டு தரப்பும் சேர்ந்து உட்கார்ந்து கேட்பது நல்லது. ஏன்னா, இன்னிக்குப் பேசப் போற விஷயத்தில் ஒருத்தருக்குத் தெரிஞ்சு இன்னொருத்தருக்குத் தெரியாம இருந்தா, கடைசியில் ரெண்டு குடும்பமும் கஷ்டப்படும்.

ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். ஐந்து பேர் வேலை செய்யும் ஒரு பட்டறை. பவர் பிரஸ் மெஷினில் ஒருவருடைய விரல் போய்விடுகிறது. அந்த யூனிட்டுக்கு இ.எஸ்.ஐ. கிடையாது, பி.எஃப். கிடையாது. அப்படியென்றால் சட்டப்படி முதலாளிக்குப் பொறுப்பு உண்டா, இல்லையா?

பல பேர் சொல்லும் பதில் இதுதான்: "நம்ம யூனிட் சின்னதுங்க, நமக்கெல்லாம் அந்தச் சட்டம் வராது." உண்மை இதற்கு நேர்மாறானது. இ.எஸ்.ஐ. இல்லாத இடத்தில்தான் முதலாளியின் தனிப்பட்ட பொறுப்பு முழுசா நிற்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது. நூறு ஆண்டுகளைத் தாண்டிய சட்டம். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அவற்றில் ஒன்றான சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020-க்குள் இந்த இழப்பீட்டு விதிகளும் வந்துவிட்டன. பெயர் மாறினாலும் அடிப்படைக் கணக்கு மாறவில்லை.

உற்பத்தி நடக்கும் இடம், கட்டடப் பணி, வாகனம் ஓட்டுதல், சுமை ஏற்றி இறக்குதல், மின்சார வேலை என்று ஒரு நீண்ட பட்டியல் சட்டத்தில் இருக்கிறது. அந்த வேலைகளில் ஈடுபடுகிறவருக்கு வேலையினால், வேலை நேரத்தில் விபத்து ஏற்பட்டால் முதலாளி இழப்பீடு தர வேண்டும். உற்பத்தி நடக்கும் இடம் என்றால் இத்தனை பேர் இருந்தால்தான் என்ற எண்ணிக்கை வரம்பு இதற்குக் கிடையாது. நாள் கூலியா, மாதச் சம்பளமா, பீஸ் ரேட்டா என்பதும் தடை இல்லை. காண்ட்ராக்டர் மூலம் வந்த ஆள் என்றாலும், முதலில் பொறுப்பேற்க வேண்டியவர் வேலை யாருக்காக நடந்ததோ அவர்தான். பிறகு காண்ட்ராக்டரிடம் அவர் வசூலித்துக்கொள்ளலாம். பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்த தொழிலாளிக்கும் இதே உரிமைதான்.

புதிய சட்டத் தொகுப்பில் ஒரு விஷயம் தெளிவாக்கப்பட்டிருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்கு வரும்போதோ, வேலை முடிந்து வீடு திரும்பும்போதோ நடக்கும் விபத்து, வேலையோடு அதற்குள்ள தொடர்பு நிரூபிக்கப்பட்டால், வேலை விபத்தாகவே கருதப்படும்.

"அவன் கவனமா இருந்திருக்கணும் சார்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கவனக்குறைவு ஒரு காரணமே ஆகாது. குடித்துவிட்டு வேலை செய்தது, பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, மெஷினின் பாதுகாப்புத் தடுப்பை வேண்டுமென்றே கழற்றியது ஆகியவற்றால் நேரடியாக ஏற்பட்ட காயத்துக்கு விலக்கு உண்டு. ஆனால் மரணம் அல்லது நிரந்தர முழு ஊனம் என்றால் அந்த விலக்கும் செல்லாது. "தடுப்பு இருந்தா வேலை லேட்டாகுது" என்று சூப்பர்வைசரே கழற்றச் சொல்லியிருந்தால், அதைத் தொழிலாளியின் தலையில் கட்ட முடியாது.

கணக்கு எப்படி வரும்?

இழப்பீட்டுக் கணக்கில் மூன்று எண்கள் இருக்கின்றன. மாதச் சம்பளம் முதலாவது. கணக்குக்கு அதிகபட்சம் ரூ.15,000 எடுத்துக்கொள்வார்கள், 2020 ஜனவரி முதல் இந்த வரம்பு இருக்கிறது. இரண்டாவது விழுக்காடு. மரணம் என்றால் சம்பளத்தில் 50, நிரந்தர முழு ஊனம் என்றால் 60. மூன்றாவது, வயதுக்கேற்ற காரணி. அதற்குச் சட்டத்தில் ஒரு அட்டவணையே உண்டு.

30 வயதுத் தொழிலாளி, மாதச் சம்பளம் ரூ.15,000 என்று வைத்துக்கொள்வோம். 30 வயதுக்கான காரணி 207.98. அவர் இறந்துவிட்டால் குடும்பத்துக்கு 7,500 பெருக்கல் 207.98, அதாவது ரூ.15,59,850. நிரந்தர முழு ஊனம் என்றால் 9,000 பெருக்கல் 207.98, ரூ.18,71,820. வயது கூடக் கூடக் காரணி குறையும். 50 வயதுக்கு அது 153.09.

விரல் போனால்? சட்டத்தின் அட்டவணையில் கட்டைவிரல் முழுதும் போனால் 30 விழுக்காடு, ஆள்காட்டி விரல் முழுதும் போனால் 14 விழுக்காடு என்று குறித்திருக்கிறார்கள். அதே 30 வயதுத் தொழிலாளிக்குக் கட்டைவிரலுக்கு ரூ.5,61,546, ஆள்காட்டி விரலுக்குச் சுமார் ரூ.2,62,000 வரும்.

தற்காலிகமாக வேலைக்கு வர முடியாத நிலை என்றால், அரை மாதத்துக்கு ஒருமுறை மாதச் சம்பளத்தில் 25 விழுக்காடு தர வேண்டும். நம் கணக்கில் அது ரூ.3,750. மூன்று நாளுக்கு மேற்படாத சிறு காயத்துக்கு இந்த இழப்பீடு வராது. ஆனால் மருத்துவச் செலவு தனி. "ஆஸ்பத்திரிக்கு ஒரு லட்சம் கட்டினேன், அதை இழப்பீட்டில் கழிச்சுக்கிறேன்" என்று சொல்ல முடியாது.

இந்தத் தொகையை ஒரு மாதத்துக்குள் கட்ட வேண்டும். தாமதித்தால் வட்டி வரும். நியாயமான காரணம் இல்லாவிட்டால் இழப்பீட்டில் பாதி வரை அபராதமும் சேரும்.

"பேசி முடிச்சுக்கலாம்" என்ற ஆபத்து

நம்ம ஊர்களில் அடிக்கடி நடப்பது இது. தொழிலாளி இறந்துவிடுகிறார். ஊர்ப் பெரியவர்கள் நடுவில் உட்கார்ந்து, இரண்டு லட்சமோ மூன்று லட்சமோ கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். முதலாளி நல்ல மனதோடுதான் கொடுத்திருப்பார். ஆனால் சட்டத்தின் முன் அந்தப் பத்திரத்துக்கு மதிப்பில்லை. இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுக்கும் ஒப்பந்தம் எதுவும் செல்லாது.

மரண இழப்பீட்டைக் குடும்பத்தின் கையில் நேரடியாகக் கொடுத்தால் அது கொடுத்ததாகவே கணக்கில் வராது. தொழிலாளர் துறையில் இதற்கென உள்ள அதிகாரியிடம்தான் செலுத்த வேண்டும். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் என்று யார் யாருக்கு எவ்வளவு என்பதை அவர்தான் பிரித்துக் கொடுப்பார். உடனடிச் செலவுக்கு முன்பணமாகக் கொடுக்க வழி உண்டு. அதற்கும் மூன்று மாதச் சம்பளம் என்ற அளவு இருக்கிறது. ஆக, பேசி முடித்துவிட்டோம் என்று நினைத்த முதலாளி, இரண்டாவது முறையும் முழுத் தொகை கட்ட நேரலாம். குடும்பமோ 15 லட்சம் வர வேண்டிய இடத்தில் மூன்று லட்சத்தோடு நின்றுவிடும்.

தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. இழப்பீடு கேட்க இரண்டு ஆண்டுகள்தான் காலக்கெடு. "ஓனர் பார்த்துக்குவார்" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி கிடைக்கும். கட்டணமில்லா எண் 15100.

ஐந்து பேர் யூனிட்டுக்கு என்ன வழி?

15 லட்சம், 18 லட்சம் என்று கேட்டதும் பயம் வருவது இயல்பு. அவ்வளவு தொகையை ஒரே மாதத்தில் புரட்ட எந்தச் சின்னப் பட்டறையாலும் முடியாது. அதற்காகத்தான் தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீடு இருக்கிறது. யுனைடெட் இந்தியா, நியூ இந்தியா, ஓரியண்டல், நேஷனல் என்ற நான்கு பொதுத் துறை நிறுவனங்களிலும், தனியார் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களிலும் இது கிடைக்கும். எத்தனை பேர், என்ன வேலை, ஆண்டுக்கு மொத்தச் சம்பளம் எவ்வளவு என்பதை வைத்துப் பிரீமியம் போடுவார்கள்.

எடுக்கும்போது மூன்றைப் பாருங்கள். பிரீமியத்தைக் குறைக்க ஆள் எண்ணிக்கையையோ சம்பளத்தையோ குறைத்துக் காட்டாதீர்கள். க்ளெய்ம் நேரத்தில் அதுவே எதிராக நிற்கும். மருத்துவச் செலவு பெரும்பாலும் தனியாகச் சேர்க்க வேண்டிய அம்சம், கேட்டுச் சேருங்கள். தாமதத்துக்கான அபராதத்தைக் காப்பீடு பொதுவாக ஏற்காது, அதனால் விபத்து நடந்த உடனே நிறுவனத்துக்குத் தகவல் கொடுங்கள்.

கூடவே, ஆண்டுக்கு ரூ.20 பிரீமியத்தில் ரூ.2 லட்சம் விபத்துக் காப்பீடு தரும் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் தன் வங்கிக் கணக்கு வழியாகச் சேரலாம். இது கூடுதல் பாதுகாப்பு. முதலாளியின் சட்டப் பொறுப்பை இது குறைக்காது.

10 பேர் ஆகிவிட்டால் இ.எஸ்.ஐ.

பத்துப் பேர் வேலை செய்தால் இ.எஸ்.ஐ. பொருந்தும். மாதச் சம்பளம் ரூ.21,000 வரை உள்ளவர்கள் இதில் வருவார்கள். முதலாளி பங்கு 3.25 விழுக்காடு, தொழிலாளி பங்கு 0.75 விழுக்காடு. ரூ.15,000 சம்பளத்துக்கு முதலாளி கட்டுவது ரூ.488, தொழிலாளியிடம் பிடிப்பது ரூ.113. அடுத்த மாதம் 15-ம் தேதிக்குள் கட்ட வேண்டும்.

இதற்குக் கிடைப்பதைப் பாருங்கள். தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவ சிகிச்சை. நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 விழுக்காடு. பெண்களுக்கு 26 வாரப் பேறுகாலப் பலன். வேலை விபத்தில் தற்காலிக ஊனம் என்றால் சம்பளத்தில் 90 விழுக்காடு. இறந்துவிட்டால் குடும்பத்துக்கு மாதாமாதம் உதவித் தொகை. நோய், பேறுகாலப் பலன்களுக்குக் குறிப்பிட்ட நாட்கள் சந்தா கட்டியிருக்க வேண்டும். ஆனால் வேலை விபத்துக்கான பலன் வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உண்டு.

முதலாளிக்கு என்ன லாபம்? இ.எஸ்.ஐ.-யில் வரும் தொழிலாளிக்கு முன்னால் சொன்ன லட்சக்கணக்கான இழப்பீட்டை நீங்கள் தனியாகத் தர வேண்டியதில்லை. இதை விட்டுவிட்டு, 12 பேர் இருக்கும் யூனிட்டில் ரெஜிஸ்டரில் 9 பேரை மட்டும் காட்டுவது மாதம் சில ஆயிரத்தை மிச்சப்படுத்த லட்சங்களைப் பணயம் வைப்பது போலத்தான். பதிவு செய்யாத யூனிட்டில் விபத்து நடந்தால் செலவை முதலாளியிடமே வசூலிக்கவும் சட்டத்தில் இடம் உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தாலும், முதலாளியும் பெரும்பான்மைத் தொழிலாளர்களும் ஒப்புக்கொண்டால் தாமாக விண்ணப்பிக்கப் புதிய சட்டத் தொகுப்பு வழி செய்கிறது.

பி.எஃப்., பணிக்கொடை

20 பேர் ஆனால் பி.எஃப். கட்டாயம். இரு தரப்பும் 12 விழுக்காடு. பலருக்குத் தெரியாத ஒன்று, பி.எஃப். உறுப்பினர் பணியில் இருக்கும்போது எந்தக் காரணத்தால் இறந்தாலும் வாரிசுக்கு ரூ.7 லட்சம் வரை காப்பீட்டுத் தொகை கிடைக்கும். இதற்குத் தொழிலாளியிடம் ஒரு ரூபாய்கூடப் பிடிப்பதில்லை. ஆனால் நாமினி பதிவு செய்யாமல் விட்டால் அந்தக் குடும்பம் அலைய வேண்டியிருக்கும்.

10 பேர் இருந்தால் பணிக்கொடை உண்டு. ஐந்து ஆண்டு தொடர்ந்து வேலை செய்தவர் விலகும்போது, ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம். மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிடுவார்கள். ரூ.15,000 சம்பளத்தில் 10 ஆண்டு என்றால் சுமார் ரூ.86,538. மரணம், ஊனம் என்றால் ஐந்து ஆண்டு நிபந்தனை இல்லை. குறித்த கால ஒப்பந்தத் தொழிலாளர்களுக்குப் புதிய தொகுப்பின்படி ஓராண்டிலேயே உண்டு.

கைபேசியில் இன்றே செய்யலாம்

முதலாளிகளே, இ.எஸ்.ஐ., பி.எஃப். பதிவை ஷ்ரம் சுவிதா இணையதளத்தில் செய்யலாம். சம்பளத்தை வங்கிக் கணக்கிலோ யு.பி.ஐ. மூலமோ போடுங்கள். அது உங்களுக்கும் ஆதாரம், அவர்களுக்கும் ஆதாரம்.

தொழிலாளர்களே, உமங் செயலியில் உங்கள் பி.எஃப். பாஸ்புக்கைப் பாருங்கள். பதிவு செய்த எண்ணிலிருந்து 99660 44425-க்கு மிஸ்டு கால் கொடுத்தாலும் இருப்பு விவரம் வரும். சம்பளத்தில் பிடித்தம் நடக்கிறது, கணக்கில் ஏறவில்லை என்றால் அதை அப்போதே கேளுங்கள். பி.எஃப். உதவிக்கு 14470, இ.எஸ்.ஐ.-க்கு 1800 11 2526. இ.எஸ்.ஐ. அட்டையில் குடும்பத்தினர் பெயர் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அடிபட்ட அன்று

முதலில் 108. விரல் துண்டானால் அதைச் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துச் செல்லுங்கள். விரல் நேரடியாக ஐஸில் படக் கூடாது. மருத்துவமனையில் "வேலை செய்யும்போது அடிபட்டது" என்றே சொல்லுங்கள். பயந்துபோய் "வீட்டில் விழுந்துட்டார்" என்று எழுத வைத்தால் இ.எஸ்.ஐ.-யும் காப்பீடும் இரண்டுமே சிக்கலாகும். மெஷினையும் இடத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். இ.எஸ்.ஐ. இருந்தால் இணையத்தில் விபத்து அறிக்கையை உடனே பதியுங்கள். மரணமோ கடுமையான காயமோ என்றால் 7 நாட்களுக்குள் தொழிலாளர் துறை அதிகாரிக்கு அறிக்கை போக வேண்டும்.

கடைசியாக ஒன்று. நாளைக் காலை யூனிட்டைத் திறந்ததும் ஒரு நோட்டை எடுத்து, அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவரின் பெயர், வயது, சம்பளம், நாமினி, அவருக்கு இ.எஸ்.ஐ.-யா காப்பீடா என்று ஐந்து கட்டம் போட்டு எழுதுங்கள். தொழிலாளர்களும் கூட நின்று பாருங்கள். கடைசிக் கட்டம் காலியாக இருக்கும் பெயர்தான், இந்த வாரமே நீங்கள் முடிக்க வேண்டிய வேலை.